"ஹோல்ட் த ஃபோர்ட்": இதை எங்கட தமிழிலை எப்பிடிச் சொல்லுறது?

பாலைப்பழம்

வணக்கம் எல்லாருக்கும். சிறு கடைக்காரருக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான், பரந்தன், நெடுங்கேணிப் பக்கத்துக் கடைக்காரர் கையில் போய்ச்சேர வேண்டியது. வாசித்த உடனே விளங்க வேண்டும். ஒரு அத்தியாயத்தின் தலைப்பே "ஹூ இஸ் ஹோல்டிங் த ஃபோர்ட்?" சொல்லுக்குச் சொல் என்றால் கோட்டையைக் காத்து நிற்பது யார் என்பது; உரியவர் இல்லாத நேரம் பொறுப்பாக நிற்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். உள்ளேயும் ஐந்தாறு இடத்தில் அதே தொடர் வருகிறது. முதலாளி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனால், செத்தவீட்டுக்குப் போனால், ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வந்தால் கடை என்ன ஆகும் என்பதுதான் விடயம்.

எழுதிப் பார்த்து அழித்தவை இவை.

"கோட்டையைப் பிடித்திருப்பவர் யார்?" பொருள் தலைகீழாகிறது. தமிழில் கோட்டையைப் பிடிக்கிறவன் வெளியில் இருந்து வருகிறவன். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான் என்றால் ஆங்கிலேயரிடம் இருந்து பறித்தான் என்றுதான் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கடையைப் பொறுப்பேற்பவர் யார்?" கடை கைமாறிவிட்டது போல இருக்கிறது.

"கடையைக் காவல் காப்பவர் யார்?" இராக்காவலுக்கு ஆள் போட்ட மாதிரி.

சரியான சொல் எது? ஒரே சொல்தான் வேண்டுமென்றும் இல்லை.

நொச்சிவேலி

பாலைப்பழம் தம்பி, முதலில் ஆங்கிலத் தொடரைப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் மூன்று விடயம் சேர்ந்து கிடக்கிறது. ஒன்று, உரியவர் இப்போது இல்லை, ஆனால் திரும்பி வருவார். இரண்டு, நிற்கிறவர் புதிதாக எதையும் தொடங்க வந்தவர் அல்ல; இருக்கிறது இருக்கிறபடி ஓட வேண்டும். மூன்று, கொஞ்சம் நெருக்கடி இருக்கிறது: ஆள் குறைவு, அல்லது வேலை கூட. இந்த மூன்றில் எது அந்த வசனத்தில் முன்னுக்கு நிற்கிறதோ அதைப் பிடித்துத்தான் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.

மாணவர் இதை எழுதும்போது பிழைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இழையில் வேறு ஆக்களுக்கும் உதவும். "த" என்பது மாறாது. "மை ஃபோர்ட்" என்றோ "எ ஃபோர்ட்" என்றோ எழுதினால் உண்மைக் கோட்டை ஆகிவிடும். யாருக்காக என்பதற்கு "ஃபோர்", எதுவரை என்பதற்கு "ட்டில்" அல்லது "அன்ட்டில்", எந்த நேரம் என்பதற்கு "வைல்" வரும். இறந்தகாலம் "ஹெல்ட்". செயப்பாட்டுவினையில் போட்டால் மரபுத்தொடரின் உயிர் போய்விடும். வரலாற்றுப் பாடம் போலத் தொனிக்கும். அமெரிக்கர் "ஹோல்ட் டவுன் த ஃபோர்ட்" என்றும் சொல்வார்கள். அந்த "டவுன்" பொருளில் எதையும் கூட்டவில்லை. எங்கள் பாடநூல்கள் பிரித்தானிய ஆங்கிலத்தோடு போவதால் "டவுன்" இல்லாமல் எழுதுவது நல்லது.

பக்கத்து வீட்டுத் தொடர்களோடு குழப்பவும் கூடாது. "ஹோல்ட் த லைன்" தொலைபேசியை வைக்காமல் நிற்பது. "ஹோல்ட் த ஃப்ளோர்" சபையில் பேச்சை விடாமல் பேசுவது. "ஸ்டாண்ட் இன்" ஒருவருக்குப் பதிலாக நிற்பது, "ஸ்டாண்ட் பை" ஆயத்தமாக நிற்பது. கடைக்கென்றே பிரித்தானியர் "மைண்ட் த ஷொப்" என்பார்கள், அமெரிக்கர் "மைண்ட் த ஸ்டோர்" என்பார்கள். கையேட்டை எழுதினவர் அதை விட்டுக் கோட்டையை எடுத்திருக்கிறார் என்றால் நெருக்கடியையும் சேர்த்துச் சொல்ல விரும்பியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் அந்தக் கனம் எங்காவது ஓரிடத்தில் இறங்க வேண்டும்.

கனகராயனாறு

தொடரின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க உள்நாட்டுப் போர், ஜோர்ஜியா மாநிலம், அலட்டூனா கணவாய், 1864 ஒக்டோபர் 5. அங்கே வடபடையின் உணவுக் களஞ்சியம் இருந்தது. ஜெனரல் கோர்ஸ் ஏறக்குறைய 2,000 பேரோடு உள்ளே நின்றார். தென்படையின் ஜெனரல் ஃபிரெஞ்ச் அதைவிடக் கூடிய படையோடு வந்து தாக்கினார். வடபடையின் தளபதி ஜெனரல் ஷெர்மன் தூரத்தில், கெனசோ மலைப் பக்கம். நடுவில் தந்திக்கம்பி அறுந்துவிட்டது. மலைக்கு மலை கொடியசைத்துத்தான் செய்தி போனது.

பரவலாகச் சொல்லப்படுவது, "கோட்டையைக் காத்துக்கொள், நான் வருகிறேன்" என்று ஷெர்மன் கொடியில் சொன்னார் என்பது. போன செய்திகளில் கோட்டை என்ற சொல்லே இல்லை. "ஷெர்மன் பெரும்படையோடு நகர்கிறார், தாக்குப்பிடி" என்பது ஒன்று. "ஷெர்மன் உறுதியாக நிற்கச் சொல்கிறார், நாங்கள் வருகிறோம்" என்பது மற்றது. கோட்டை நுழைந்தது 1870இல். இந்தச் சம்பவத்தை விற்றில் என்ற முன்னாள் மேஜர் ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்ட பிலிப் பிளிஸ் அதை வைத்துக் கிறிஸ்தவக் கீதம் ஒன்று எழுதினார். அந்தக் கீதம் 1870களில் மூடி, சாங்கி என்ற நற்செய்திப் பிரசங்கிகளோடு பிரித்தானியாவுக்குப் போய் ஊரெல்லாம் பாடப்பட்டது. கோட்டையைக் காத்தல் என்ற நேர்ப்பொருள் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே உண்டு. வீட்டையும் கடையையும் பார்ப்பதற்கு அதைச் சொல்லும் பழக்கத்தைப் பரப்பினதில் அந்தக் கீதத்துக்குப் பெரிய பங்கு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூலச் செய்தியில் இருந்த சொல் "ஹோல்ட் அவுட்". எங்களிடம் அதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது: நின்றுபிடி. "இந்த மழைக்குக் கட்டு நிண்டுபிடிக்குமோ?" என்று குளத்துக்குச் சொல்கிறோம். "ரெண்டு பேரோடை எப்பிடி நிண்டுபிடிக்கிறது?" என்று வேலைக்கும் சொல்கிறோம். நெருக்கடியின் கனம் அந்தச் சொல்லில் முழுதாக இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் வைக்க வேண்டும். அன்றைக்கு ஷெர்மன் அனுப்பின உதவிப்படை வந்து சேர முன்னமே சண்டை முடிந்துவிட்டது. உள்ளே நின்றவர்கள் தங்களிடம் இருந்ததை வைத்தே நின்றுபிடித்தார்கள். கையேட்டு அத்தியாயத்துக்கு இது பொருந்தும். முதலாளியின் போன் வேலை செய்யாத நேரத்திலும் நிற்கிறவர் கையில் போதுமானது இருக்க வேண்டும்.

லாச்சித்திறப்பு

கனகராயனாறு ஐயா கடைசியாகச் சொன்னதுதான் என் துறையும். சொல்லை நீங்கள் தீர்மானியுங்கோ. அந்தச் சொல்லுக்குள் என்ன போக வேண்டும் என்பதை நான் எழுதுகிறேன். "கடையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று திறப்பை மட்டும் நீட்டினால் நிற்கிறவர் தாங்கமாட்டார்.

லாச்சியில் இருந்து தொடங்குவோம். சில்லறை இல்லாத லாச்சியோடு ஒருவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாலைந்து நாளுக்கு, நடுத்தரப் பலசரக்குக் கடைக்கு, 10,000 ரூபா சில்லறை முன்பணமாக வைக்கலாம்: 100 ரூபாத் தாள் 40, 50 ரூபாத் தாள் 50, 20 ரூபாத் தாள் 100, 10 ரூபாக் குற்றி 100, 5 ரூபாக் குற்றி 100. கூட்டிப் பாருங்கோ, சரியாக வரும். இருவரும் ஒன்றாக எண்ணி, ஒரு துண்டில் எழுதி, இருவரும் ஒப்பம் வைத்து, துண்டை லாச்சிக்குள் ஒட்டிவிட வேண்டும். பொழுதுபட மொத்தக் காசில் இருந்து 10,000ஐக் கழித்தால் அன்றைக்கு வந்த காசு. அந்தக் காசை நாளுக்கு ஒரு உறையில் போட்டுத் திகதி எழுதிவிட வேண்டும். நாலு நாள் காசையும் ஒரே பையில் போட்டால், குறைவு வந்தால் எந்த நாள் என்று கண்டுபிடிக்கேலாது. அங்கேதான் சந்தேகம் முளைக்கும், சொந்தக்காரருக்குள் கூட.

அடுத்தது கடன் கொப்பி. வன்னியில் கடன் பெரும்பாலும் அறுவடைக்குக் கட்டுவது. ஒவ்வொரு பெயருக்கும் முதலாளிக்கு ஒரு கணக்கு மனதுக்குள் இருக்கும்: இவர் எத்தனை ஏக்கர், எப்போது வெட்டுவார், எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நிற்கிறவருக்கு அந்த மனக்கணக்கு தெரியாது. "முதலாளி தாறவர்" என்று சொன்னால் மறுக்கவும் ஏலாது. ஆகவே போகமுன் ஒவ்வொரு பெயரின் கடைசிப் பதிவுக்குக் கீழும் கோடு போட்டுத் திகதி எழுதுங்கோ. இந்த நாட்களுக்கென்று தனிப் பக்கம் திறந்து, கடன் கொடுக்கக் கூடியவர்களின் பெயரையும் உச்சத் தொகையையும் அந்தப் பக்கத்தின் தலையில் எழுதுங்கோ. அதில் இல்லாதவர் கேட்டால் "கொப்பி அண்ணை வந்தாப் பிறகுதான் திறக்கும்" என்று சொல்ல அவருக்கு ஒரு வசனம் கையில் இருக்கும்.

காஸ் சிலிண்டர், சோடாப் போத்தல் இரண்டுக்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. நிறைந்தது 12, வெறுமை 8 என்றால் மொத்தம் 20. ஒரு வெறுமையைக் கொடுத்து ஒரு நிறைவை வாங்கிக்கொண்டு போனால் 11, 9 ஆகும், மொத்தம் 20தான். முதலாளி திரும்பி வரும்போது 20 இல்லையென்றால் யாரோ வெறுஞ் சிலிண்டர் தராமல் கொண்டுபோயிருக்கிறார்கள், அல்லது லொறிக்காரர் கூட எடுத்துவிட்டார். கதவு நிலையில் சோக்கட்டியால் "20" என்று எழுதிவிட்டாலே காணும்.

லொறி வரும் நாள்: சாமானை எண்ணாமல், காலாவதித் திகதி பார்க்காமல் விலைச்சிட்டையில் ஒப்பம் வைக்கக் கூடாது. ஒப்பம் வைத்த பிறகு குறைவு சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். வெறுங் காசோலையில் ஒப்பம் வைத்து விட்டுவிட்டுப் போவது, எவ்வளவு நம்பிக்கையான ஆளென்றாலும், வேண்டாம். தொலைந்தால் ஆபத்து இருவருக்கும்.

நிறையிலும் கவனம் தேவை. சீனி பொதி கட்டும்போது ஒரு கிலோவுக்கு 10 கிராம் கூடப் போனால் 50 கிலோ மூட்டைக்கு அரைக் கிலோ காணாமல் போகும். தராசை வெறுமையாய் வைத்துச் சுழியம் காட்டுதா என்று காலையில் பார்க்கச் சொல்லுங்கோ. கைபேசி ரீலோட் கணக்கில் அந்த நாட்களுக்குத் தேவையான தொகையை மட்டும் வையுங்கோ. வாடிக்கையாளர் சொல்லும் இலக்கத்தை வாயால் கேட்டு அடிக்காமல் துண்டில் எழுதுவித்து அடிக்க வேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் காசு யாரோ ஒருவருக்குப் போய்விடும், துண்டு இருந்தால் பிழை யாருடையது என்ற வாக்குவாதம் வராது.

பாலைப்பழம்

லாச்சி அண்ணை, சிலிண்டர்க் கணக்கு கையேட்டில் இல்லவே இல்லை. பெட்டிச் செய்தியாகச் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். "பார்த்துக்கொள்" என்று எல்லாருமே இயல்பாகச் சொல்கிறோம். அது போதாதா? "நின்றுபிடி" நல்ல சொல், ஆனால் சாதாரண நாளில் தம்பி அரை நாள் கடையில் நிற்பதற்கு அது கொஞ்சம் பெரிது இல்லையா?

நொச்சிவேலி

சரியான கேள்வி. விடை துணைவினையில் இருக்கிறது, பெயர்ச்சொல்லில் தேடினால் கிடைக்காது.

"கடையைப் பாத்துக்கொண்டிருங்கோ, வாறன்." இது சந்திவரைக்கும் போய் வருவதற்கு. உள்ளே யாரும் புகாமல் கண் வைத்திருந்தால் போதும். விற்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் "கீப் என் ஐ ஒன்".

"கடையைப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் வெள்ளிக்கிழமை வருவன்." இங்கே "கொண்டிரு" போய் "கொள்" மட்டும் நிற்கிறது. பார்ப்பது என்பது கண்ணால் பார்ப்பதாக இல்லாமல் உங்கள் சொந்த அலுவலாக ஆகிவிட்டது. "ஹோல்ட் த ஃபோர்ட்" பெரும்பாலான இடங்களில் இதுதான். ஆனால் "நான் வருவன்", "வரும்வரைக்கும்" என்ற பகுதியை விட்டால் பொருள் பாதியாகிவிடும். ஆங்கிலத்தில் திரும்பி வருதல் தொடருக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் அதை வெளியே சொல்ல வேண்டும். அதை வெட்டி "பார்த்துக்கொள்பவர் யார்?" என்று தலைப்புப் போட்டால் முதியோர் பராமரிப்பு என்று நினைப்பார்கள்.

மாதக்கணக்கு என்றால் "கொண்டு நடத்து". ஆள் காணாமல் இழுபறி என்றால் "ஒருமாதிரிக் கொண்டிழுக்கிறம்" என்கிறோமே, அது. தாக்குதல் போல நெருக்கடி வந்தால் ஐயா சொன்ன "நின்றுபிடி". ஒரே ஆங்கிலத் தொடர் நான்கு படியாகப் பிரிகிறது. ஐந்தாறு இடத்துக்கும் ஒரே சொல்லை ஒட்டாமல் இடத்துக்கு இடம் பார்த்துப் போடுங்கள்.

பள்ளிக்கூடத்து "ரிலீவ்" இதில் சேராது. வராத ஆசிரியரின் வகுப்புக்கு 40 நிமிடம் போய் நிற்பவர் அந்த வகுப்பைக் கொண்டு நடத்தவில்லை. வராதவர் முதல்நாளே "பக்கம் இவ்வளவு, பயிற்சி இவ்வளவு" என்று துண்டு கொடுத்திருந்து, போனவர் அதைச் செய்வித்தால் அப்போது பாடம் தொடர்கிறது. அதைத்தான் "ஹோல்டிங் த ஃபோர்ட்" என்று ஆங்கிலத்திலும் சொல்லலாம்.

வான்கதவு

வயலையும் சேர்க்க வேண்டும். எங்கட பக்கத்தில் ஒருவர் இல்லாத நேரத்தில் இன்னொருவர் பொறுப்பாக நிற்பது கடையைவிட வயலில்தான் கூட. காலபோகத்தில் ஒரு கிழமை வெளியில் போக வேண்டி வந்தால் "தண்ணியைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லால் நடக்கும் பிழை இது: அவர் தண்ணீரை மட்டும் பார்ப்பார்.

மூன்றரை மாத நெல் என்றால் ஏறக்குறைய 75ஆம் நாளில் பூக்கும். பூக்கமுன், கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் இருந்து பால் பிடித்து முற்றும்வரை வயல் காயக் கூடாது. காய்ந்தால் மணியில்லாத சப்பிதான் மிஞ்சும். ஆகவே போகிறவர் சொல்ல வேண்டியது, விதைத்த திகதி என்ன, இன்றைக்கு எத்தனையாவது நாள், வாய்க்காலில் எங்கள் முறை எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பவை. இரண்டு அங்குலம் என்று வாயால் சொல்வதைவிட ஒரு தடியில் கத்தியால் கீறி வாய்மடையடியில் ஊன்றிவிட்டுப் போவது நல்லது. யூரியா எறிந்த வயல் என்றால் அதையும் சொல்ல வேண்டும். தெரியாமல் தண்ணீர் வெளியேறும் கடைவாயை வெட்டிவிட்டால் பசளையும் தண்ணீரோடு கீழ் வயலுக்குப் போய்விடும்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும். வரம்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாக, நன்றாகத்தான் தெரியும். இறங்கி, ஒரு பூட்டை, அதாவது ஒரு நெற்கொத்தை, இரண்டு கையாலும் விரித்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பார்க்க வேண்டும். கபில நிறத்தில் அரிசிக் குறுணி அளவில் ஒட்டிக்கொண்டு இருக்கும். தட்டினால் தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் ஓடும். வயல் நடுவில் ஐந்தாறு இடத்தில் இப்படி விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது தொடங்குவது நடுவில், நெருக்கமான பயிருக்குள். கண்டால் முதல் வேலை தண்ணீரை மூன்று நாலு நாள் வடியவிட்டு அடியைக் காயவிடுவது, விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுவது. "தண்ணியைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டவர் இந்த நேரத்தில் தண்ணீரைக் கட்டித்தான் வைத்திருப்பார். அவர் சொன்னதைச் செய்தார், வயல் போய்விட்டது.

ஆகவே கையேட்டில் ஒரு வசனம் கட்டாயம் வர வேண்டும் என்று நினைக்கிறேன்: எதைச் செய்ய வேண்டும் என்பதோடு, எது தெரிந்தால் அதை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கோ.

கந்தோர்க்கொப்பி

அரச அலுவலகப் பக்கம் இருந்து ஒரு எச்சரிக்கை. இந்தத் தொடரை அலுவலகக் கடிதத்தில், ஆங்கிலத்தில் என்றாலும் தமிழில் என்றாலும், பாவிக்க வேண்டாம். அது பேச்சுத்தொடர். கடிதத்தில் அதிகாரம் எவ்வளவு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

"பதில்" என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டில் திட்டமான கனம் உண்டு. பதில் அதிபர், பதில் பிரதேச செயலாளர் என்றால் நியமனக் கடிதம் இருக்கிறது என்று பொருள். லீவு படிவத்தில் "பதில் கடமை பார்ப்பவர்" என்று ஒப்பம் வைத்தவர் அந்த நாட்களுக்கு அலுவலைக் கவனிப்பவர். பதவிப் பெயர் அவருக்கு வராது. இரண்டையும் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை வேறுவேறாகத்தான் பார்க்கிறது. பாடசாலைகளில் "கடமை நிறைவேற்று அதிபர்" என்று இன்னொன்றும் இருக்கிறது. ஆகவே வெறுமனே கவனிப்பவர் கடிதத்தில் ஒப்பம் வைக்கும்போது "அதிபருக்காக" என்று எழுத வேண்டும், "பதில் அதிபர்" என்று எழுதக் கூடாது. வங்கிக் காசோலையில் அதுகூட ஏலாது. மாதிரி ஒப்பம் கொடுத்தவரின் ஒப்பம் இல்லையென்றால் திரும்பி வரும்.

இன்னொரு பொறி. எங்கள் அலுவலக ஆங்கிலத்தில் "கவர் அப் டியூட்டீஸ்" என்று எழுதுவோம், பேச்சிலும் "ரெண்டு நாள் கவர் பண்ணுங்கோ" என்போம். இங்கே எல்லாருக்கும் விளங்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் கடிதத்தில் "கவர் அப்" என்று எழுதினால் அவர்கள் மூடிமறைத்தல் என்று வாசிப்பார்கள். "கவரிங் த டியூட்டீஸ் ஒஃப்" அல்லது "அக்டிங் ஃபோர்" என்று எழுதுங்கள்; "அப்" வேண்டாம்.

"டேக் ஓவர்" என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது கைப்பற்றல், அல்லது நிரந்தரமாகப் பொறுப்பேற்றல். இல்லாதவரின் கதிரையில் கண் வைத்து நிற்பவருக்கு "அண்ணன் எப்ப சாவான், திண்ணை எப்ப காலியாகும்" என்று பழமொழியே இருக்கிறது. "ஹோல்ட் த ஃபோர்ட்" அந்த நோக்கம் இல்லாதவருக்குச் சொல்லும் சொல்.

உலுவிந்தை

இவ்வளவு பேசியும் யாரும் பரதனைச் சொல்லவில்லை! அண்ணனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து, தான் நந்திக்கிராமத்தில் இருந்து 14 ஆண்டு நாட்டைக் கொண்டு நடத்தினவன். நொச்சிவேலி அக்கா சொன்ன மூன்றும் அவனிடம் இருக்கிறது. வருவார் என்ற உறுதி இருந்தது. தனக்கென்று எதையும் மாற்றவில்லை. நெருக்கடியும் இருந்தது. தலைப்பில் "பாதுகை" வந்தால் தமிழ் மணக்கும்.

இன்னொன்று, போரைப் பாடும் புறத்திணையில் கோட்டை காப்பதற்கென்றே திணை இருக்கிறது: எயில், அதாவது மதில், காத்தல் நொச்சி. அதை வளைத்தல் உழிஞை. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைக்குள் வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனியாக எடுத்தது. பிடித்தல், காத்தல் என்ற அந்த வேறுபாடு எங்களுக்கு அவ்வளவு பழையது. அதனால்தான் பாலைப்பழத்துக்கு "கோட்டையைப் பிடித்திருப்பவர்" என்ற உடனே காது குத்தியிருக்கிறது.

நொச்சிவேலி

என் பெயரையே விளக்கிவிட்டீர்கள், நன்றி. வேது பிடிக்க இலை ஒடிக்கிற அதே நொச்சியைச் சூடித்தான் மதிலுக்குள் நின்றார்கள் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் கண் விரியும்.

ஆனால் தலைப்பில் பாதுகை வேண்டாம் என்பது என் கருத்து. பரதன் பெரியவன், அலட்டூனாவை விடவும் பொருத்தமான உவமை. ஆனால் கடைக்காரர் அட்டவணையைப் புரட்டித் தேடுவது "நான் இல்லாத நேரம் கடை" என்பதை. அவர் தேடுகிற சொல்லே தலைப்பில் நிற்க வேண்டும். பரதன் உள்ளே, ஓரிரு வரியில் வரட்டும்.

லாச்சித்திறப்பு

திரும்பி வருவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அக்கா சொன்னபடி பார்த்தால் வருவது தொடருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அத்தியாயமும் அதில்தான் முடிய வேண்டும்.

வந்த அன்றைக்கே, குளித்துச் சாப்பிட்டதும், இருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். நாளைக்கு என்று விட்டால் நாளைய விற்பனை கலந்துவிடும். உறைகளைத் திகதிப்படி அடுக்கி ஒவ்வொன்றாக எண்ணுங்கோ. துண்டில் இருந்த 10,000 லாச்சியில் இருக்கா பாருங்கோ. சிலிண்டர் 20 இருக்கா. தனிப் பக்கத்துக் கடனைப் பெயர்ப் பக்கங்களுக்கு மாற்றி எழுதுங்கோ. குறைவு இருந்தால் நிற்கிறவருக்கு முன்னாலேயே சொல்லுங்கோ, பிறகு மனிசியிடமோ பக்கத்துக் கடையிடமோ சொல்லாமல். ரீலோட் பின் இலக்கத்தை மாற்றுங்கோ, மாற்றுவதைச் சொல்லியே மாற்றுங்கோ. ஒவ்வொரு முறையும் மாற்றுவது வழக்கம் என்று தெரிந்தால் யாருக்கும் மனம் நோகாது.

முக்கியமாக, அவர் எடுத்த முடிவு ஒன்று உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வாடிக்கையாளருக்கு முன் அதை மாற்றாதேங்கோ. "நான் இல்லாத நேரம் இவன் பிழையாக் குடுத்திட்டான்" என்று ஒருமுறை சொன்னால் அடுத்த முறை அவர் சொல்வதை ஊர் கேளாது. அடுத்த முறை நிற்கவும் அவர் வரமாட்டார்.

பாலைப்பழம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்.

தலைப்பு: "நீங்கள் இல்லாத நாளில் கடையை யார் பார்ப்பது?"

முதல் வசனம்: "நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே தெரிவுசெய்யுங்கள்."

நீண்ட சுகயீனம் பற்றிய பந்தியில்: "மாதக்கணக்கில் கடையைக் கொண்டு நடத்தக்கூடியவர்."

வெள்ளம் வந்து பாதை மூடுவதைப் பற்றிய பந்தியில்: "நீங்கள் வந்துசேர முடியாவிட்டால், கையிருப்பை வைத்து அவர் எத்தனை நாள் நின்றுபிடிப்பார்?"

வான்கதவு அண்ணையின் வசனம் கட்டமாக: "எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள்."

கனகராயனாறு

நன்றாக இருக்கிறது தம்பி. வெள்ளப் பந்தியில் மட்டும் ஒரு திருத்தம். "கையிருப்பை வைத்து" என்றால் காசுக் கையிருப்பு என்று எடுப்பார்கள். "கடையில் இருக்கிற சாமானையும் சில்லறையையும் வைத்து" என்று விரித்து எழுதுங்கள். பாதை மூடினால் முதலில் முடிகிறது சில்லறைதான்.

பாலைப்பழம்

திருத்திவிட்டேன், ஐயா.